சின்னமனூர் செப்பேடும் உங்கள் ஆய்வேடும்

“வணக்கம் ஐயா. மதுரையில் மொழிபெயர்ப்பியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன். வெளிநாடுகளில் ஆய்வு போகும் திசையிலேயே தலைப்பு எடுக்கச் சொல்கிறார் நெறியாளர். இயந்திர மொழிபெயர்ப்பா, பண்பாட்டுத் திருப்பமா, எதை எடுக்கலாம்? நம் பக்கம் ஆவணங்களே இல்லை, கோட்பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என நினைக்கிறேன்.
– ஓர் ஆய்வு மாணவி”

அன்புள்ள மாணவிக்கு,

இயந்திர மொழிபெயர்ப்பில் இப்போது நல்ல கூட்டம். கணினி தந்ததை மனிதர் திருத்தும்போது கண் எங்கே நிற்கிறது என்றுகூட அளக்கிறார்கள். ஆசை இருந்தால் செய்யுங்கள். மொழிபெயர்ப்பைச் சொல்லுக்குச் சொல் பார்க்காமல் பண்பாட்டோடு சேர்த்துப் பார்ப்பதுதான் பண்பாட்டுத் திருப்பம்; அதை ஆய்வாளர்கள் பாஸ்நெட்டும் லெஃபெவரும் 1990லேயே பேசிவிட்டார்கள். அதை விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது கடைசி வரியில்தான். ஆவணம் இல்லையா? தேடிப் பார்த்தீர்களா? நான் சுருக்கி வெளியிட்டிருக்கும் உங்கள் நீண்ட கடிதத்தில் மொழிபெயர்ப்புக் கோட்பாட்டாளர்கள் வெனுட்டி வருகிறார், டூரி வருகிறார். தமிழில் மொழிபெயர்த்த ஒருவர் பெயர்கூட இல்லையே அம்மா!

1972இல் கோபன்ஹேகனில் ஜேம்ஸ் ஹோம்ஸ் என்ற ஆய்வாளர், மொழிபெயர்ப்பியலில் என்னென்ன பிரிவுகள் என்று இந்தத் துறைக்கு ஒரு வரைபடம் போட்டார். மொழிபெயர்ப்பவருக்கு அதில் தனியிடம் இல்லை என்பதை 2009இல் ஆண்ட்ரூ செஸ்டர்மேன் என்ற இன்னோர் ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். இப்போது அங்கே மொழிபெயர்ப்பாளர்களின் கையெழுத்துப்படி, கடிதம், பதிப்பக ஒப்பந்தம் என்று தேடி அலைகிறார்கள். நீங்கள் கேட்ட புதிய திசை அதுதான். அதற்கு மதுரையைத் தாண்ட வேண்டியதில்லை.

தேனிப் பக்கம் சின்னமனூரில் கிடைத்த செப்பேடு, பாண்டியர்கள் மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பெருமையாகச் சொல்கிறது. தமிழ்ப்படுத்திய புலவர் பெயர் அந்த வரியில் இல்லை. ஆயிரம் வருஷம் கழித்தும் நாம் அப்படித்தான் இருக்கிறோம். மராத்தி நாவலாசிரியர் காண்டேகரை விழுந்து விழுந்து படித்த வீடுகளில், அவரைத் தமிழில் தந்த கா.ஸ்ரீ.ஸ்ரீ. பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

சிம்மக்கல் பக்கம் எங்கள் தெருவில் ஓர் இந்தி ஆசிரியர் இருந்தார். இரவில் நாவல்களை மொழிபெயர்ப்பார். நீள நோட்டில் பென்சில் எழுத்து. துக்க வீட்டுக் காட்சி ஒன்றின் ஓரத்தில் ‘தங்கச்சியிடம் கேட்க’ என்று குறித்திருப்பார். அதன் கீழே, நீல மையில், அந்த அம்மா சொன்ன ஒப்பாரி வரி. புத்தகத்தில் அச்சானது அதுதான். அட்டையில் அவர் பெயரையே போடாத பதிப்பகத்துக்கு அந்தத் தங்கச்சியைப் பற்றி என்ன அக்கறை? அவர் போனதும் வீட்டை விற்றார்கள். நோட்டுகள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போயின. முன்பே நான் இரவல் வாங்கியிருந்த ஒன்று மட்டும் தப்பியது.

ஆவணம் இல்லை என்று இனிமேல் எழுதாதீர்கள். இருப்பவர்களை இருக்கும்போதே போய்ப் பாருங்கள். பாத்திமா கல்லூரியில் பேராசிரியராக இருந்த எம்.ஏ. சுசீலா, ஆங்கிலம் வழியாக தஸ்தயெவ்ஸ்கியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். இப்படி உங்கள் ஊரில் யார் யார் என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். எவ்வளவு பணம் கொடுத்தார்கள், எதை வெட்டினார்கள், வீட்டில் யார் படித்துப் பார்த்துத் திருத்தினார்கள், எல்லாம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். கோட்பாட்டை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த நோட்டு என் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். போட்டோ எடுத்துக்கொள்ளலாம், கொண்டுபோகத் தரமாட்டேன்.