ஏ.ஆர். காப்பியில் இருக்கும் அந்த ஒரு வரி

கேள்வி: ஏழு வயது மகள் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி, வண்டிக்கு முன்பக்கமாக ரோட்டைக் கடக்கும்போது டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். இடது காலில் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். வண்டியில் உதவியாளர் இல்லை. நான்கு மாதமாகியும் பள்ளியிலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. "குழந்தை ஏன் ஓடினாள்" என்று கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு, "புகார் ஏதும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். பள்ளியின் அங்கீகாரத்தை ரத்து செய்ய வழி உண்டா?

பதில்: அங்கீகாரத்தை விடுங்கள். நீங்கள் போக வேண்டியது இழப்பீடு கேட்டு, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு. வந்து பார்த்தார்களா, வருத்தம் சொன்னார்களா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. ஓடினாள் என்ற பேச்சும் ஏழு வயதுக் குழந்தை விஷயத்தில் எடுபடாது. உதவியாளர் இல்லாதது 2012-ல் வந்த தமிழ்நாடு பள்ளிப் பேருந்து விதிகளுக்கு விரோதம். அது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் அந்த வண்டிதான் இடித்தது என்பதற்கு என்ன பதிவு இருக்கிறது?

நீங்கள் அனுப்பிய தாள்களில் எஃப்.ஐ.ஆர். இல்லை. ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகலில், "விளையாடும்போது தானாக விழுந்ததாகக் கூறப்பட்டது" என்று இருக்கிறது. அழைத்து வந்தவர் என்ற இடத்தில் பள்ளி ஊழியர் பெயர். பதற்றத்தில் நீங்கள் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் தொடுவது இந்த வரியைத்தான். உண்மையாகவே அடிபட்ட குழந்தைகளின் வழக்குகள் இதனால் தள்ளுபடியானதைப் பார்த்திருக்கிறேன். பள்ளி பில் கட்டுகிறதே என்று பெற்றோர் சும்மா இருந்துவிடுவார்கள். பிளேட் எடுக்க இரண்டாவது ஆபரேஷன் வரும்போது பள்ளி கைவிரிக்கும். அப்போது போடும் புகாருக்கு "பணத்துக்காகப் பின்னால் ஜோடித்தது" என்று பெயர் விழும்.

அதற்காக ஆஸ்பத்திரியில் போய் அந்த வரியைத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். அடித்தல் திருத்தல் தெரிந்தால் மொத்தமும் போய்விடும். முழு கேஸ் ஷீட்டை வாங்குங்கள். உள்ளே வேறு டாக்டர் பேருந்து மோதியதாகக் குறித்திருக்கலாம். அன்று நிறுத்தத்தில் நின்ற மற்ற பெற்றோர் ஒருவராவது சாட்சி சொல்ல வேண்டும். இந்த வாரமே போலீசில் புகார் கொடுங்கள். தாமதத்துக்கான காரணத்தை, குழந்தை படுக்கையில் இருந்தது, பள்ளி பார்த்துக்கொள்வதாகச் சொன்னது என்று உள்ளபடி எழுதுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 166(3)-ன்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். உங்களுக்கு மிச்சம் இரண்டே மாதம்.

மனு போட்ட பிறகு சமரசத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். டிரைவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் இறங்கி வரும். குழந்தைகளுக்கு 10 முதல் 30 சதவீத ஊனம் என்றால், சிகிச்சைச் செலவு போக 3 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னதைப் பேச்சின் தொடக்கமாக வையுங்கள். வளரும் எலும்பு என்பதால் ஊனச் சான்றுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள்.

பள்ளி கேட்கும் கையெழுத்தைப் போடாதீர்கள். மைனருக்காகச் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதால் குழந்தையின் உரிமை அதோடு முடியாது. ஆனாலும் அந்தத் தாள் உங்களுக்கு எதிரான சாட்சியமாக வந்து நிற்கும். அப்புறம், அவர்கள் டைப் அடித்து அனுப்பிய கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். "எங்கள் பேருந்தால் மாணவிக்கு ஏற்பட்ட காயம்" என்று அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். புகாரோடு அதன் ஜெராக்ஸை இணையுங்கள்.