முயலா, பூனையா, டிராகனா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இந்தப் பிப்ரவரியில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 'சீனப் புத்தாண்டு வாழ்த்துகள்' என்று போட்டேன். பக்கத்து மேசை வியட்நாமியத் தோழி தனியாகக் கூப்பிட்டு, "இது சீனர்களுக்கு மட்டும் சொந்தமில்லை, சந்திரப் புத்தாண்டு என்று சொல்" என்றார். சரியென்று மறுநாள் எனக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் சீன ஆன்ட்டியிடம் அப்படியே சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "யார் சொன்னது? சீனப் புத்தாண்டுதான்" என்றார். இதில் யார் பக்கம் நியாயம்?

இன்னொன்று. நான் பிறந்தது 1988 பிப்ரவரி 10. சாப்பாட்டுக் கடையில் தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தில், ஆண்டுக்கு ஒரு விலங்கு என்ற சீனக் கணக்கில், 1988-க்கு நேரே டிராகன் என்று இருந்தது. ஆன்ட்டி என்னை முயல் என்கிறார். வியட்நாமியத் தோழி பூனை என்று சொல்லிச் சிரிக்கிறார். நான் யார்? அப்புறம், நம் சித்திரை ஒன்று மாதிரி இது ஏன் ஒரு தேதியில் நிற்பதில்லை?

எம்.

அன்புள்ள எம்,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கினால் மற்ற இரண்டும் பாதி அவிழ்ந்துவிடும்.

'இது மலமாசம், கல்யாணம் வைக்கக் கூடாது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரே தமிழ் மாதத்துக்குள் இரண்டு அமாவாசை விழுந்துவிட்டால் அது மலமாதம். இந்தச் சங்கதி உங்களுக்குத் தெரியும் என்றால் சீன நாட்காட்டியில் பெரும்பகுதி ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும்.

அவர்களுக்கு அமாவாசை விழும் நாள்தான் மாதத்தின் முதல் தேதி. அதனால் பதினைந்தாம் தேதி வாக்கில் எப்போதும் முழுநிலா. பன்னிரண்டு மாதம் கூட்டினால் 354 நாள்தான் வரும், வருடத்துக்குப் பதினொரு நாள் குறைகிறது. ஹிஜ்ரி நாட்காட்டி அந்தக் குறையை அப்படியே விட்டுவிடுகிறது. நோன்புப் பெருநாள் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவது அதனால்தான். சீனர்கள் விடவில்லை. நாற்று நடுவது நிலாவைப் பார்த்து நடப்பதில்லையே. சூரியனின் ஒரு வருடப் பாதையை 24 துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். வசந்தத் தொடக்கம், பூச்சிகள் விழிப்பு, பெருவெப்பம், வெப்பம் நீங்குதல் என்று. படித்தாலே வயல் வாசனை வருகிற பெயர்கள். இவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பன்னிரண்டு, நம் சங்கராந்தி போன்றவை. (நாம் நட்சத்திரத்தை வைத்து அளக்கிறோம், அவர்கள் பருவத்தை வைத்து. அதனால் இரண்டுக்கும் இன்றைக்கு மூன்றரை வாரம் போல வித்தியாசம்.) எந்த நிலா மாதத்தில் இப்படி ஒரு சங்கராந்தி விழவில்லையோ, அது பொதுவாக உபரி மாதம். தனக்கென்று பெயர் கிடையாது, முந்தின மாதத்தின் எண்ணையே இரவல் வாங்கிக்கொள்ளும். இந்த ஏற்பாடு ஹான் பேரரசர் வூ காலத்தில், கி.மு. 104-இல் வந்தது.

ஒரு வருடத்தை எடுத்துப் பாருங்கள். 'பெருவெப்பம்' 2025 ஜூலை 22. ஜூலை 25 அன்று அமாவாசை, புது மாதம் தொடங்கியது. அடுத்த அமாவாசை ஆகஸ்ட் 23. அடுத்த சங்கராந்தியான 'வெப்பம் நீங்குதல்' நாளும் அதே ஆகஸ்ட் 23! ஆக ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 22 வரை ஓடிய மாதத்துக்குச் சங்கராந்தியே இல்லை. இரண்டாவது ஆறாம் மாதம் என்று ஆகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை. அன்று பெய்ஜிங் நேரப்படி சூரியன் அந்த எல்லையைத் தாண்டியது அதிகாலை நாலரை மணிக்கு. அமாவாசை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். நம் பஞ்சாங்கக்காரர் நாழிகை பார்த்து, 'சங்கராந்தி முந்திவிட்டதே, பழைய மாதத்தில்தானே சேரும்' என்று வாதாடியிருப்பார். அவர்களுக்கு நாழிகை கணக்கில்லை, நாள்தான் கணக்கு. அமாவாசை எப்போது வந்தாலும் அன்றைய நள்ளிரவிலிருந்தே புது மாதம்.

பகல் மிகக் குறுகிய டிசம்பர் நாள் பதினோராம் மாதத்துக்குள் விழ வேண்டும் என்பது மற்றொரு விதி. ஆகவே அதற்குப் பின்வரும் இரண்டாவது அமாவாசை பெரும்பாலும் புத்தாண்டு. ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 21-க்கும் நடுவில் அது துள்ளிக்கொண்டே இருக்கும்.

இப்போதைய நுணுக்கத்தோடு, சூரிய சந்திரரின் மெய்யான நிலையைக் கணக்கிட்டு நாட்காட்டி வந்தது 1645-இல். செய்தவர் ஆடம் ஷால் என்ற ஜெர்மானியப் பாதிரியார், நம் வீரமாமுனிவரின் அதே இயேசு சபை. பிறகு அரசவையில் பகை மூண்டு, நாட்காட்டி வழக்கில் அவருக்கு மரண தண்டனையே விதித்தார்கள். அந்தச் சமயம் பெய்ஜிங்கில் நிலம் அதிர்ந்தது. வானத்தின் எச்சரிக்கை என்று பயந்து விட்டுவிட்டார்கள். பஞ்சாங்கம் கணித்து உயிர்தப்பியவர் உலகில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

சரி, பெயருக்கு வருவோம். 'சந்திரப் புத்தாண்டு' என்பதில் எனக்கு இருக்கும் குறை கணக்குப் பற்றியது. ஒரு கடிவாளம் சந்திரன் கையில் என்றால் இன்னொன்று சூரியன் கையில். சூரியனைக் கழித்துவிட்டுப் பெயர் சொல்வது அரைப் பெயர். ஆனால் உங்கள் தோழியின் குறை வேறு, அது நியாயமானது. வியட்நாம் தன் 'தெத்' பண்டிகையைப் பெய்ஜிங் நேரத்தில் கணிப்பதில்லை, ஹனோய் நேரத்தில் கணிக்கிறது. ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். 1984 டிசம்பரில் அந்தக் குறும்பகல் நாளின் கணம் ஹனோயில் 21-ஆம் தேதி இரவு பதினொன்றரைக்குச் சற்று முன்பு. பெய்ஜிங்கில் அப்போது நள்ளிரவு தாண்டி 22 பிறந்துவிட்டது. அந்த 22-ஆம் தேதியே அமாவாசை. ஆகவே பெய்ஜிங்குக்கு அன்று தொடங்கியது பதினோராம் மாதம், ஹனோய்க்குப் பன்னிரண்டாம் மாதம். விளைவு: 1985-இல் வியட்நாமியர் ஜனவரி 21 அன்றும் சீனர் பிப்ரவரி 20 அன்றும் கொண்டாடினார்கள். ஒரு முழு மாதம் முன்பின். இப்படியிருக்க, தெத் கொண்டாடும் பெண்ணிடம் போய்ச் சீனப் புத்தாண்டு என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

அதற்காக ஆன்ட்டி முகம் மாறியதும் தப்பில்லை. அவர் ஆண்டாண்டாகச் செய்துவரும் ஒன்றைப் பெயர் மாற்றிச் சொல் என்றால் கோபம் வராதா? இந்தப் பண்டிகைக்கு மேலிருந்து பெயர் மாற்றிப் பார்த்தவர்கள் ஏற்கெனவே நிறைய. 1912-இல் சீனக் குடியரசு ஆங்கில நாட்காட்டியை ஏற்றதும், அதுவரை இந்த நாளுக்கு இருந்த 'யுவான் தான்' என்ற பெயரைப் பிடுங்கி ஜனவரி 1-க்குக் கொடுத்துவிட்டார்கள். பெயரில்லாமல் நின்ற பழைய பண்டிகைக்கு 1914-இல் 'வசந்த விழா' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். பிறகு தேசியக் கட்சி அரசு பழைய நாட்காட்டியையே 'ஒழிக்கப்பட்ட நாட்காட்டி' என்று சொல்லித் தடுத்துப் பார்த்தது, சில வருடங்களில் சலித்துக் கைவிட்டது. கலாச்சாரப் புரட்சியின்போது 1967-இல் மாவோ அரசு அந்த விடுமுறையை ரத்து செய்தது. எல்லாம் முடிந்து 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, அரசு வைத்த அந்த வசந்த விழாப் பெயரில்தான் ஏறியது. ஜனங்கள் மட்டும் இந்த நூறு வருடமும் 'குவோ நியென்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 'ஆண்டைக் கடப்பது' என்று பொருள். அதில் சீனனும் இல்லை, சந்திரனும் இல்லை, வசந்தமும் இல்லை.

என் வழக்கம் இது: ஆன்ட்டியிடம் சீனப் புத்தாண்டு, தோழியிடம் தெத், கொரியர் யாராவது இருந்தால் அவர்கள் புத்தாண்டுப் பெயரான 'சொல்லால்'. எல்லோருக்கும் ஒரே பெயர் தேடுவதுதான் வம்பு. பொங்கலை மகரசங்கராந்தி என்று ஒருவர் உங்களிடம் திருத்தினால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சீனர் என்று ஒற்றையாகச் சொல்வதே கொஞ்சம் ஓட்டைதான். எங்கள் மாடியில் ஹொக்கியன் மொழி பேசும் ஒரு சீன ஆன்ட்டி இருக்கிறார். முதல் நாளைவிட ஒன்பதாம் நாள்தான் அவருக்குப் பெரிது. எட்டாம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தாழ்வாரத்தில் மேசை போடுவார். சிவப்புத் துணி, அன்னாசி, செம்மஞ்சள் ஆரஞ்சு, மேசையின் இரண்டு பக்கமும் தோகையோடு ஆளுயரக் கரும்பு. விண்ணுலக அரசரான 'தி கோங்' பிறந்த நாள் அது. ஒரு காலத்தில் கொள்ளையர் துரத்தியபோது ஹொக்கியன் மக்கள் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து பிழைத்தார்கள், வெளியே வந்த நாள் இந்த ஒன்பதாம் நாள் என்று கதை. கரும்புக்கு அவர்கள் பேச்சில் 'கம் ச்சியா', நன்றிக்கு 'கம் சியா'. ஒலி கொஞ்சம்தான் வேறு. இந்தப் பண்டிகை முழுக்க இப்படிச் சொல்விளையாட்டுதான். மீன் என்பதும் மிச்சம் என்பதும் மாண்டரினில் ஒரே ஒலி, அதனால் மீனைச் சாப்பிட்டு மிச்சம் வைப்பார்கள். நாலுக்கும் சாவுக்கும் ஒலி ஒட்டுவதால் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறையான அங்பாவில் நாற்பது வெள்ளி வைக்கக் கூடாது. முதல் வருடம் ஆன்ட்டி என்னிடம் கேட்டார், "உங்கள் பொங்கலுக்கும் கரும்பு வைக்கிறீர்களே, தேக்காவில் எந்தக் கடை? எனக்குத் தோகை நீளமாக வேண்டும்." அன்றிலிருந்து பொங்கல் முடிந்ததும் அவருக்காகக் கடைக்காரரிடம் சொல்லிவைப்பது என் வேலை.

கடைசியாக உங்கள் விலங்கு. 1988-இல் புத்தாண்டு பிறந்தது பிப்ரவரி 17 அன்று. நீங்கள் 10-ஆம் தேதியே வந்துவிட்டதால் பழைய முயல் ஆண்டு. ஆன்ட்டி சொன்னது சரி. சாப்பாட்டுக் கடைக் காகிதம் ஆங்கில வருடத்தை மட்டும் பார்த்து டிராகன் என்றது, ஆனால் அதுவும் குருட்டாம்போக்கில் ஒரு விதத்தில் சரி. ஜாதகம் கணிக்கும் சீனர்கள் நிலாப் புத்தாண்டைப் பார்ப்பதில்லை, சூரியக் கணக்கான 'வசந்தத் தொடக்கத்தில்' ஆண்டை மாற்றுகிறார்கள். அது பிப்ரவரி 4. அவர்களுக்கு நீங்கள் டிராகன். (இந்த வசந்தத் தொடக்கம் சில ஆண்டுகளில் விழவே விழாது. 2024-இல் தொடங்கிய டிராகன் ஆண்டு அப்படி. அதை 'விதவை ஆண்டு' என்று சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிப்போடுபவர்கள் சீனாவில் உண்டு. மலமாசம் எங்கேயும் வேறு வேஷத்தில் இருக்கிறது.) வியட்நாமியருக்கு முயலின் இடத்தில் பூனை. முயலுக்குரிய 'மாவ்' என்ற சீனக் குறியின் ஒலி, பூனைக்கு அவர்கள் சொல்லும் 'மெயோ'வோடு ஒட்டியதால் வந்த மாற்றம் என்பார்கள்.

விலங்கு பன்னிரண்டோடு, மரம், தீ போன்ற ஐந்து பொருள்களுக்குரிய பத்துக் குறிகளைக் கோத்து அறுபது வருடச் சக்கரம். பிரபவ முதல் அட்சய வரை நமக்கும் அறுபதுதான், தொடக்கம்தான் மூன்று வருடம் தள்ளி. அவர்கள் சக்கரம் 1984-இல் தொடங்கியது, நம்முடையது 1987-இல். நீங்கள் பிறந்தது பிரபவ, நமக்கு முதலாவது. அவர்களுக்கு நாலாவது, தீ முயல். நாலாவது என்று ஆன்ட்டியிடம் சொல்லாதீர்கள்.

தோழியிடம் ஒன்று சொல்லிவையுங்கள். 2030-இல் புத்தாண்டு அமாவாசை பெய்ஜிங்கிலும் சிங்கப்பூரிலும் நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில், பிப்ரவரி 3 அன்று வருகிறது. ஹனோயில் அப்போது 2-ஆம் தேதி இரவு பதினொரு மணி. அந்த வருடம் வாட்ஸ்அப்பில் இரண்டு வாழ்த்து அனுப்ப வேண்டியிருக்கும்.