புயலுக்கு அப்புறம் எந்த வீட்டுக் கதவ தட்டணும்? டெல்டாவிலேர்ந்து வந்த சில கேள்விகள்

ஐப்பசி பொறந்துட்டாலே நம்ம பக்கம் வயித்துல புளியக் கரைக்க ஆரம்பிச்சுடும். 2018 நவம்பர் 16 விடியக்காலைல நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கஜா புயல் கரையேறுனப்புறம் திருத்துறைப்பூண்டி பக்கம் வீடு வீடா நடந்து கணக்கெடுத்தவன் நான், அதுலேர்ந்து இந்த மாசத்துல எனக்கு வர்ற கேள்வி எல்லாம் புயலுக்கு அப்புறம் மக்களோட தேவைய எப்படிக் கணக்கெடுக்கறது, அவங்க உடம்ப எப்படிப் பாத்துக்கறதுங்கறதப் பத்திதான்.

எங்க குரூப்ல 12 பேர் இருக்கோம். ஒன்றியம் முழுக்க மக்களுக்கு என்ன தேவைன்னு பாக்கணும்னா மாசக்கணக்கா ஆகுமே சார்? (மன்னார்குடி)

ஆகாதும்மா, ரெண்டே நாள் போதும். எல்லா வீட்டுக்கும் போக வேணாம், 210 வீடு போனா சரி, ஆனா அந்த 210 எதுன்னு உங்க இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது, சூட்சுமமே அங்கதான் இருக்கு. புள்ளைங்களுக்குத் தடுப்பூசி எவ்ளோ போய் சேந்திருக்குன்னு பாக்க உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வச்சிருந்துச்சு, 30 இடம், இடத்துக்கு 7 பேர்னு. அமெரிக்காவுல 1992ல ஆண்ட்ரூ புயல் அடிச்சப்ப இந்த மாதிரி முறையத்தான் கொஞ்சம் மாத்தி வீடுகளுக்குப் போய் தேவையக் கேட்டாங்க, இப்ப அங்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி இதுக்கு கேஸ்பர்னு பேர் வச்சு புயல், வெள்ளம் எல்லாத்துக்கும் பயன்படுத்துது.

நீங்க செய்ய வேண்டியது இவ்ளோதான். ஒன்றியத்துல இருக்கற எல்லாத் தெருவையும் வீட்டு எண்ணிக்கையோட எழுதிக்குங்க, அதுலேர்ந்து 30 இடத்த குலுக்கி எடுங்க, வீடு அதிகமா இருக்கற தெருவுக்கு வாய்ப்பும் அதிகமா இருக்கற மாதிரி. அப்புறம் ஒரு தெருவுல 140 வீடுன்னா 140ஐ 7ஆல வகுங்க, 20 வருதா, 1லேர்ந்து 20க்குள்ள ஒரு சீட்டு எடுங்க, 13 வந்தா 13ஆவது வீடு, அடுத்து 33, 53ன்னு போய்ட்டே இருங்க. ரெண்டு ரெண்டு பேரா ஆறு டீம் பிரிஞ்சா டீமுக்கு 35 வீடு, ஒவ்வொரு டீம்லயும் ஒரு பொண்ணாவது இருக்கட்டும், இல்லன்னா நாப்கின், கர்ப்பம் இதெல்லாம் யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. கதவு பூட்டியிருந்தா உடனே பக்கத்து வீட்டுக்குத் தாவாதீங்க, மூணு தடவ போய்ப் பாருங்க. வர்ற விடை ஒன்றியத்துக்கு மொத்தமாத்தான் பொருந்தும், ஒரு ஊர மட்டும் தனியாப் பிரிச்சு சொல்லிடாதீங்க. முகாம்ல தங்கியிருக்கறவங்க நிலைமையத் தனியாப் பாக்கணும்.

இவ்ளோ கறாரா ஏன் சொல்றேன்னா, கஜாவுல நிவாரண லாரி எல்லாம் மெயின் ரோட்டுலயே நின்னுடுச்சு. ரோட்டோர ஊர்ல ஒரே வீட்டுக்கு நாலு பாய், ஆறு போர்வை. வாய்க்கால் தாண்டி மூணு கிலோமீட்டர் உள்ள இருந்த காலனிக்கு மெழுகுவர்த்தி கூடப் போகல. சீட்டுல அந்தக் காலனி வந்துச்சு, அதனாலதான் நாங்களே அங்க போனோம், இல்லாட்டி போயிருக்க மாட்டோம்னு இன்னைக்கும் மனசு உறுத்துது.

என்னென்ன கேக்கணும்? "என்ன வேணும்"னு கேட்டா பத்தாதா? (முத்துப்பேட்டை)

பத்தாது. அந்தக் காலனில ஒரு பாட்டி, கீத்துக் கூரை மொத்தமும் போயிருந்துச்சு, "ஒண்ணும் வேணாம் தம்பி, எல்லாம் குடுத்தாங்க"ன்னு சொல்லிட்டாங்க. "சுகர் மாத்திரை எத்தன நாளைக்கு இருக்கு பாட்டி"ன்னு கேட்டப்பதான் உள்ள போய் ஒரு மஞ்சப்பையக் கொண்டு வந்து திண்ணைல கொட்டுனாங்க, நனைஞ்ச அட்டைங்க, ஊறிப் போய் மாவா இருந்த மாத்திரைய வெயில்ல காய வச்சு அதையே முழுங்கிட்டு இருந்திருக்காங்க அஞ்சு நாளா. நனைஞ்ச மாத்திரையத் தூக்கித்தான் போடணும்.

அதனால கேள்விய உடைச்சுக் கேளுங்க. வீட்டுல எத்தன பேர், கைக்குழந்தை, மாசமா இருக்கறவங்க, டயாலிசிஸ் போறவங்க இருக்காங்களா, இன்னைக்கு குடிச்ச தண்ணி எங்கேருந்து வந்துச்சு, கக்கூஸ் இடிஞ்சிருக்கா, யாருக்காவது பேதி, காய்ச்சல், ஆணி குத்துன காயம் இருக்கா. ரெண்டு பக்கத்துக்கு மேல போகாதீங்க, கால் மணி நேரத்துல முடிங்க, அவங்களுக்கு ஓடு பொறுக்கற வேலை கிடக்கு. இன்சுலின் போடறவங்க இருந்தா, தொறந்த பாட்டில் ஃபிரிட்ஜ் இல்லாட்டியும் பொதுவா நாலு வாரம் தாங்கும், ஈரமான மண்பானைக்குள்ள நெழல்ல வைக்கச் சொல்லுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வாங்கறவங்க லிஸ்ட் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கும், புயல் அடிக்கறதுக்கு முன்னாடியே நர்ஸம்மாகிட்ட பேசி வச்சுக்குங்க.

டேங்க்ல பிளீச்சிங் பவுடர் போட்டாச்சுன்னு சொல்றாங்க, நம்பிக் குடிக்கலாமா? (வேதாரண்யம்)

போட்டாங்களான்னு கேக்காதீங்க, கடைசி தெரு கடைசிக் குழாய்ல குளோரின் வருதான்னு பாருங்க. ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும். ட்யூப்ல தண்ணி புடிச்சு மருந்து சொட்டு விட்டா மஞ்சளாகும், அட்டைல இருக்கற நிறத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும், பஞ்சாயத்துலயோ சுகாதார ஆய்வாளர்கிட்டயோ அந்தக் கருவி இருக்கும். மூட்டை தொறந்து ஈரத்துல கிடந்த பவுடருக்கு வீரியமே இருக்காது. கலங்கல் தண்ணின்னா தெளிய வச்சு அப்புறம் போடணும், போட்டு அரை மணி நேரமாவது விடணும். உங்க பக்கம் கொள்ளிடம் கூட்டுக் குடிநீரத்தான் நம்பி இருக்கு, கரண்ட் போனா மோட்டார் நிக்கும், அதனால ஜெனரேட்டர் எங்க வரப்போகுதுங்கறதும் உங்க கேள்வித்தாள்ல இருக்கணும். அந்த ஜெனரேட்டர திண்ணைலயோ கொட்டகை உள்ளயோ வச்சுடாதீங்க, வீட்ட விட்டு 20 அடியாவது தள்ளி இருக்கட்டும். அதுலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, அமெரிக்காவுல புயலத் தாண்டிப் பொழச்சவங்க இதுல தூக்கத்துலயே போயிருக்காங்க.

பாம்புக்கடிக்கு முதலுதவி? (கோட்டூர்)

கட்டாதீங்க, கீறாதீங்க, கடிபட்ட கைகால ஆட்டாம 108க்கு அடிச்சு அரசு ஆஸ்பத்திரி போயிடுங்க. விஷமுறிவு மருந்து அங்க இருக்கு.

தென்னை எல்லாம் விழுந்ததுலேர்ந்து அப்பா பேசவே மாட்டேங்கறார், தோப்புலயே உக்காந்திருக்கார். சர்வேல இதெல்லாம் வருமா? (பேராவூரணி)

கண்டிப்பா வரணும் கண்ணு. நெட்டை ரகம் கன்னு வச்சா காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், அறுபது வயசுக்காரர் அந்தக் கணக்கத்தான் உள்ளுக்குள்ள போட்டுட்டு இருப்பார். மொத வாரத்துல யாரும் இதச் சொல்ல மாட்டாங்க, அதனால மூணு நாலு வாரம் கழிச்சு திரும்பவும் ஒரு சுத்து போகணும், தூக்கம் வருதா, சாப்பிடறாரான்னு கேக்கணும். நீங்க இன்னைக்கே பண்ண வேண்டியது, வீட்டுல இருக்கற பூச்சிமருந்த எடுத்து வேற எங்கயாவது பூட்டி வைங்க. "சாகணும்னு தோணுதாப்பா"ன்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் வராது, பாரம்தான் எறங்கும். ஆமான்னு சொன்னா அவரத் தனியா விடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போங்க. 14416ங்கற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது.

எடுத்த கணக்க யாருகிட்ட குடுக்கறது? (வலங்கைமான்)

அன்னைக்கு ராத்திரியே ஒரே பக்கமா எழுதி வட்டார மருத்துவ அலுவலருக்கும் பிடிஓவுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) குடுங்க, பத்து நாள் கழிச்சு அழகா ரிப்போர்ட் போட்டா அதுக்குள்ள பேதி பரவிடும். பேரு, போன் நம்பர் எதுவும் அந்தப் பக்கத்துல வேணாம். ஆனா அவசரமா ஒரு வீட்டுக்கு மருந்தோ ஆம்புலன்ஸோ வேணும்னா அத மட்டும் அவங்க சம்மதத்தோட தனிச் சீட்டுல எழுதி அப்பவே அனுப்பிடுங்க. கதவத் தட்டுன உடனே மொத வார்த்தையா "இது நிவாரண லிஸ்ட் இல்லம்மா"ன்னு சொல்லிடுங்க. நாங்க மொத நாள் அதச் சொல்லாம விட்டுட்டோம், மறுநாள் காலைல ரேஷன் கார்டோட அம்பது பேர் வரிசைல நின்னாங்க.