கென்யா டூருக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. கென்யா பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கோவையில் ஒரு டிராவல்ஸில் எட்டு நாள் பேக்கேஜ் சொல்கிறார்கள். இந்த வாரமே 50,000 ரூபாய் கட்டினால் தள்ளுபடியாம். கேன்சல் செய்தால் அந்தப் பணம் திரும்பி வராதாம். கடை தமிழ்நாட்டில், நாங்கள் கேரளாவில். நாளைக்கு வழக்கு என்று வந்தால் கோவைக்கு அலைய வேண்டுமா? நாங்களே தனியாகப் போய்வர முடியுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். முதலில் விலையைப் பிரித்து எழுத்தில் வாங்குங்கள்: விமான டிக்கெட், தங்குமிடம், வண்டி, பூங்கா நுழைவுக்கட்டணம் எல்லாம் தனித்தனியாக. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்குத் தலைக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். இரண்டு பேர், இரண்டு நாள் என்றால் சீசனில் 800 டாலர் நுழைவுக்கே போய்விடும். ‘பார்க் ஃபீஸ் தனி’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் தள்ளுபடியால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

வெளிநாட்டு டூரைப் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமானவரி) பிடிப்பார்கள். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் வருமானவரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். டிக்கெட்டை ஓரிடத்திலும் அறையை வேறிடத்திலும் நீங்களே வாங்கினால் அது பேக்கேஜ் கணக்கில் வராது.

வழக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. நம்மைப் போல எல்லையில் இருந்துகொண்டு அந்தப் பக்கம் போய்ப் பொருள் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய பலம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ரசீதில் ‘கோவை நீதிமன்ற வரம்புக்குட்பட்டது’ என்று அச்சடித்திருந்தாலும் அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். புகார் கொடுக்கும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பாருங்கள்.

தனியாகப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். என் யோசனை இது: காட்டுக்கு மட்டும் அங்கேயுள்ள நல்ல சஃபாரிக்காரரிடம் வண்டியும் ஓட்டுநரும் பேசிக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கத்தை நீங்களே பாருங்கள். நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு 2017 முதல் புது ரயில் ஓடுகிறது. அது ட்சாவோ காட்டின் ஊடே போவதால், செம்மண் பூசிக் குளித்த யானைகளை ஜன்னலிலிருந்தே பார்க்க வாய்ப்பு உண்டு. மொம்பாசாவில் போர்ச்சுகீசியர் 1593-இல் கட்டத் தொடங்கிய ஜீசஸ் கோட்டை. அதையொட்டிப் பழைய நகரச் சந்துகளில் பூவேலை செதுக்கிய கதவுகள். காலையில் அங்கே ‘ம்பாஸி’ கேளுங்கள். தேங்காய்ப் பாலில் வெந்த துவரை. கூடவே ஏலக்காய் மணக்கும் ‘மஹம்ரி’ என்ற பொரித்த பண்டம். பாலக்காட்டு நாக்குக்கு அது அந்நியமாகவே இருக்காது. இன்னும் வடக்கே போனால் மாலிந்தி. வாஸ்கோ ட காமா 1498-இல் வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். எட்டு நாள் பேக்கேஜ்களில் பெரும்பாலும் இந்தக் கரையே இருக்காது. அதை விட்டுவிட்டு வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

நுழைவு அனுமதியைக் கென்ய அரசின் இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம், 30 டாலர்தான். உகாண்டா, ருவாண்டாவும் போவதாக இருந்தால் மூன்றுக்கும் சேர்த்து 100 டாலர் விசா உண்டு. தான்சானியா அதில் சேராது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கென்யாவிலிருந்து திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே நிறுத்தி, ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே ஊசி போடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கூடுதல். ஆகவே டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பயணத் திட்டமே மாறும். முன்பணத்தை நிறுத்தச் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

கேள்வி: வேலந்தாவளத்தில் தெரிந்தவரிடம் பழைய டாலர் நோட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆப்பிரிக்கப் பயணத்துக்கு வாங்கலாமா?
– வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: வேண்டாம் அம்மா. உரிமம் உள்ள இடத்தில்தான் அந்நியப் பணம் வாங்க வேண்டும். தனி ஆளிடம் வாங்குவது சட்டப்படி தவறு. அப்புறம், கிழக்கு ஆப்பிரிக்காவில் பழைய வரிசை நோட்டையும், கிழிந்ததையும், கிறுக்கல் உள்ளதையும் பல கடைகளில் வாங்கவே மாட்டார்கள். வங்கியில் புது நோட்டாகக் கேட்டு வாங்கி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கட்டும்போது பிளாஸ்டிக் கேரிபேக்கையும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். கென்யாவில் 2017 முதல் அதற்குத் தடை; துணிப்பை போதும்.