கேரட் மஞ்சள், காமாலை மஞ்சள்

கேள்வி: என் பத்து மாதக் குழந்தைக்குத் தினமும் கேரட்டும் பூசணியும் மசித்துக் கொடுக்கிறேன். மூக்கு நுனியும் உள்ளங்கையும் மஞ்சளாகிவிட்டன. காமாலை இல்லை, கேரட்தான் காரணம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால், வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் நஞ்சு என்கிறார்களே? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. காமாலை என்றால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும். கேரட் மஞ்சள் கண்ணைத் தொடாது.

கேரட்டில் இருப்பது வைட்டமின் ஏ அல்ல; பீட்டா கரோட்டின் என்ற நிறமி. அதை வைட்டமினாக மாற்றுவது பெரும்பாலும் சிறுகுடல்தான். முப்பது வருடம் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. துருவிய கேரட்டை ஒரு குழாயில் தண்ணீரோடும் இன்னொன்றில் எண்ணெயோடும் சூடாக்கி மேசையில் வைத்துவிடுவேன். தண்ணீர் லேசாகக் கலங்கி நிற்கும். எண்ணெயோ துருவலைச் சுற்றி ஆரஞ்சு நிறம் பிடித்து, கொஞ்ச நேரத்தில் முழுவதும் நிறம் மாறிவிடும். கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். குடலிலும் அப்படித்தான். பித்தநீர் கொழுப்பை நுண்ணிய துளிகளாக உடைக்கிறது. அந்தத் துளிகளில் ஏறித்தான் கரோட்டின் குடல் சுவரின் செல்லுக்குள் போகிறது.

அங்கே ஒரு நொதி காத்திருக்கிறது. பீட்டா கரோட்டின் 40 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு. இரு முனையிலும் ஒரே மாதிரி வளையம். நொதி அதைச் சரியாக நடுவில் வெட்டுகிறது. ஆளுக்கு 20 கார்பனோடு இரண்டு ரெட்டினல் (retinal), அதாவது வைட்டமின் ஏ ஆல்டிஹைடு, கிடைக்கின்றன. அது ரெட்டினோலாக (retinol), அதாவது வைட்டமின் ஏ ஆல்கஹாலாக மாறி, ஒரு கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, நிணநீர் வழியாக ரத்தத்துக்கும் பிறகு கல்லீரலுக்கும் போய்ச் சேருகிறது. கரோட்டின் கொடுத்த எலிகளின் கல்லீரலில் வைட்டமின் ஏ சேர்வதை பிரிட்டிஷ் ஆய்வாளர் தாமஸ் மூர் 1930இல் காட்டினார். வெட்டும் நொதியைக் கண்டுபிடிக்க 1965 வரை ஆனது. தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீனில் அந்த முனை வளையம் கிடையாது. அதனால் அதிலிருந்து வைட்டமின் ஏ வராது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால், குடல் செல் கரோட்டின் நுழையும் வாசலையும் ஒடுக்கும், அந்த நொதியின் உற்பத்தியையும் குறைக்கும். எனக்கு இன்றும் வியப்புத் தருவது இதுதான்: தேவைக்கு மேல் செய்வதில்லை. வெட்டுப்படாமல் ரத்தத்தில் கலந்த கரோட்டின்தான் தோலில், அதுவும் தோல் தடித்த உள்ளங்கையில், மஞ்சளாகத் தெரிகிறது. நஞ்சாவது ஏற்கெனவே வைட்டமினாக இருப்பது: சொட்டு மருந்து, மாத்திரை, ஈரல். இவை குடலின் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. மருத்துவர் சொல்லாமல் சொட்டு மருந்து எதுவும் கொடுக்காதீர்கள்.

அப்புறம், உணவிலிருந்து 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்க, சராசரியாக 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் வேண்டும். எண்ணெயில் கரைந்திருந்தால் 2 போதும். அதனால் கேரட்டை நன்றாக வேகவைத்து மசித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுங்கள். தினமும் வேண்டாம், மற்ற காய்களோடு மாற்றிக் கொடுங்கள். சில வாரங்களில் உள்ளங்கை பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும்.