ஆறு ஆறாகப் போன நாடு

கேள்வி: எண்ணெய் கிடைத்ததால் பணக்காரனான குட்டி நாடுதானே புருணை? அதற்கென்று பெரிய வரலாறு என்ன இருந்துவிடப் போகிறது? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: அப்படி நினைக்காதீர்கள். போர்னியோ தீவின் வரைபடத்தில் வடக்குக் கரையைப் பாருங்கள். மொத்தமே 5,765 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒட்டாத இரண்டு துண்டாகக் கிடக்கும். நடுவில் நிற்பது மலேசியாவின் லிம்பாங். உங்களுக்கான பதில் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

புருணை குட்டியாகப் பிறந்த நாடு அல்ல. போர்னியோ என்ற பெயரே, புருணை என்பதை ஐரோப்பியர் உச்சரித்த விதம்தான். 1521-ல் உலகைச் சுற்றக் கிளம்பிய மகெல்லனின் கப்பல்களோடு வந்த இத்தாலியப் பயணி பிகாஃபெட்டா, உப்புநீரில் மரக்கால்கள் மேல் நின்ற அந்த நகரத்தை 25,000 அடுப்புகள் (அதாவது குடும்பங்கள்) உள்ள ஊர் என்று எழுதிவைத்தார். நீர் ஏறும் நேரத்தில் பெண்கள் படகில் சரக்கு விற்றுக்கொண்டு போவதையும் குறித்திருக்கிறார். நீர்மேல் நிற்கும் அந்த வாழ்க்கை, தலைநகர் பண்டார் செரி பகவானில் உள்ள கம்போங் ஆயர் என்ற நீர்மேல் கிராமத்தில் இன்றும் இருக்கிறது.

அப்புறம் எப்படிச் சுருங்கியது? அந்தத் தீவில் ஆறுதான் சாலை. காட்டுச் சரக்கு இறங்குவதும் வரி வருவதும் ஆற்று வழியே. முகத்துவாரம் யார் கையிலோ, உள்நாடும் அவர் கையில். கலகத்தை அடக்க உதவிய ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயருக்கு 1841-ல், அப்போது புருணையின் பகுதியாக இருந்த சரவாக்கின் ஆட்சி கிடைத்தது. அதிலிருந்து புரூக் குடும்பம் ஆறு ஆறாக வடகிழக்கே ஏறி வந்தது. லபுவான் தீவு 1846-ல் பிரிட்டனுக்குப் போனது. பாராம் ஆறு 1882-ல் புரூக்கிடம் போனது. 1888-ல் புருணையின் மன்னரான சுல்தான் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார். என்ன பாதுகாப்பு? இரண்டே ஆண்டில், 1890-ல், ஜேம்ஸுக்குப் பின் சரவாக்கை ஆண்ட சார்லஸ் புரூக் லிம்பாங்கை எடுத்துக்கொண்டார். காக்க வேண்டிய பிரிட்டன் அதை ஏற்றுக்கொண்டது. சுல்தான் ஹாஷிம் ஒப்பவே இல்லை. நாடு பிளந்தது பிளந்ததுதான்.

புருணையின் செரியா என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்தது 1929-ல், லிம்பாங் போய் 39 ஆண்டு கழித்து. மிஞ்சியதைக் காப்பாற்றிக்கொள்ள அது உதவியது, சரி. 1963-ல் மலேசியாவில் சேராமல் நின்று, 1984-ல் பிரிட்டனிடமிருந்து முழு விடுதலை பெற்றார்கள். ஆனால் எண்ணெய்க்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே ஓர் அரசு இருந்தது.

அந்தப் பிளவு இன்றைய மனிதர்களையும் விடவில்லை. தலைநகரிலிருந்து கிழக்குத் துண்டான தெம்புரோங்குக்குச் சாலையில் போக, புருணையை விட்டு வெளியேற ஒரு முத்திரை, லிம்பாங்கில் நுழைய ஒன்று, அங்கிருந்து வெளியேற ஒன்று, மறுபடி சொந்த நாட்டுக்குள் நுழைய ஒன்று. திரும்பி வர இன்னும் நான்கு. 2020-ல் புருணை விரிகுடாவைக் கடந்து சுமார் 30 கிலோமீட்டர் நீளப் பாலம் திறந்த பிறகுதான், சொந்த மாவட்டத்துக்கு பாஸ்போர்ட் இல்லாமல் காரில் போக முடிந்தது.