விஎம்டிகே, கியூகௌ2: அந்நிய வட்டுக் கோப்புகள் பற்றிய கேள்வி பதில்

மெய்நிகர் கணினியின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, சுருக்கமாக விஎம்) வட்டு ஒரு கோப்பாகத்தான் இருக்கும். அப்படியான விஎச்டி கோப்பை ரெட்டைக் கிளிக் செய்தால் விண்டோஸ் டிரைவாகக் காட்டிவிடுகிறது. விஎம்டிகே கொடுத்தால் எந்தச் செயலியில் திறக்கவேண்டும் என்று கேட்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

விஎச்டியும் தத்துப்பிள்ளைதான். கனெக்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அதன் விர்ச்சுவல் பிசி என்ற விஎம் மென்பொருளை 2003ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இன்றைக்கும் விஎச்டி கோப்பின் கடைசி 512 பைட்டைத் திறந்து பாருங்கள், 'கனெக்டிக்ஸ்' என்ற பெயர் ஒரு எழுத்து குறைந்து அப்படியே இருக்கும். விண்டோஸ் 7ல் இதை டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக இணைக்கலாம். ரெட்டைக் கிளிக் வசதி விண்டோஸ் 8ல் வந்தது. விஎம்டிகே, விஎம்வேர் என்ற வேறு நிறுவனத்தின் வடிவம். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸின் விர்ச்சுவல் டிஸ்க் ஏபிஐயில் (நிரல்கள் இந்த வட்டுக் கோப்புகளைக் கையாளும் இடைமுகம்) வடிவத்தின் தயாரிப்பாளர் யார் என்று குறிக்க ஓர் இடம் உண்டு. ஆனால் ஆவணத்தில் அதற்குத் தந்திருக்கும் பெயர் மைக்ரோசாஃப்ட் ஒன்றுதான். வெளியாள் வந்தால் தன் சொந்த டிரைவரோடுதான் வரவேண்டும்.

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக, கியூஎமு என்ற விஎம் மென்பொருளின் வட்டு வடிவமான கியூகௌ2வுக்கு ஆதரவு எழுத நினைக்கிறேன். எவ்வளவு கஷ்டம்?

படிக்க மட்டும் என்றால் பயப்படவேண்டாம். விருந்தினர் கணினி, அதாவது உள்ளே ஓடும் விஎம், வட்டின் தொடக்கத்திலிருந்து 700 எம்பி தள்ளியிருக்கும் இடத்தைக் கேட்கிறது என்று வையுங்கள். கியூகௌ2வில் ஒரு கிளஸ்டர், அதாவது தரவுத் துண்டு, வழக்கமாக 64 கேபி. அது கோப்பில் எங்கே இருக்கிறது என்பதை இரண்டு நிலை அட்டவணைகள் சொல்லும். இரண்டாம் நிலை அட்டவணையும் ஒரு கிளஸ்டர்; ஒரு பதிவுக்கு 8 பைட் வீதம் 8,192 பதிவுகள், அதாவது 512 எம்பிக்குக் கணக்கு. ஆக முதல் நிலையில் 1ஆம் எண் பதிவு (எண்ணிக்கை 0விலிருந்து), மீதி 188 எம்பிக்கு இரண்டாம் நிலையில் 3,008ஆம் எண். அங்கே சுழியம் இருந்தால் அடிப்படைக் கோப்பில் (இந்தக் கோப்பு எதன்மேல் அடுக்காக நிற்கிறதோ, அந்த வட்டுக் கோப்பு) தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் சுழியங்களையே திருப்பிக் கொடுங்கள்.

எழுதுவதில்தான் சிக்கல். தரவு வட்டில் சேருமுன்பே அட்டவணை மாறிவிட்டு, அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால்? அட்டவணை காட்டும் இடத்தில் குப்பை இருக்கும். ஒவ்வொரு கிளஸ்டரையும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை வேறு பிசகாமல் நிற்கவேண்டும். ப்ராஜெக்ட்டுக்குப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே இதெல்லாம் இருந்தால் வசதியாக இருக்காதா?

இருக்கும். ஆனால் நான் வேண்டாம் என்பேன். கோப்பை வட்டாகக் காட்டும் கெர்னலின் லூப் சாதனம், அச்சுஅசலான வட்டுப் பிரதியை மட்டும் பார்த்துக்கொள்கிறது. மற்ற வடிவங்களை கியூஎமு-என்பிடி என்ற சாதாரண நிரல் பிரித்துப் படித்து, என்பிடி சாதனம் (வேறொரு நிரல் தரும் தரவை வட்டாகக் காட்டுவது) வழியாகக் கெர்னலுக்குக் கொடுக்கிறது. கோணல்மாணலான கோப்பு வந்தால் அந்த நிரல் விழும், மெஷின் விழாது. உள்ளே இருக்கும் கோப்பு முறைமையைக் கெர்னல்தானே படிக்கிறது என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். அதனால்தான் லிப்கெஸ்ட்எஃப்எஸ் என்ற கருவி அதற்கென்றே ஒரு குட்டி மெய்நிகர் கணினியை எழுப்பி, அதற்குள் வைத்துத் திறக்கிறது.

கோப்பின் வடிவத்தைத் தானாகக் கண்டுபிடித்தால் என்ன தப்பு?

பெரிய தப்பு. அச்சுஅசல் வடிவ வட்டு ஒன்றை விருந்தினருக்குக் கொடுக்கிறீர்கள். முதல் பைட்டிலிருந்து எல்லாம் அவர் கையில். அங்கே ஒரு போலி கியூகௌ2 தலைப்பை எழுதி, 'என் அடிப்படைக் கோப்பு உங்கள் சர்வரின் கடவுச்சொல் கோப்பு' என்று குறித்துவிட்டால்? அடுத்தமுறை துவங்கும்போது தானியங்கி அதை நம்பிவிடும், விருந்தினர் உட்கார்ந்து படிப்பார். வடிவத்தைச் சொல்லாமல் விட்டால் கியூஎமு எச்சரிப்பது இதற்காகத்தான். எப்போதும் வடிவத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் வட்டை வெளியே மவுன்ட் செய்யலாமா?

கூடாது. ஸ்னாப்ஷாட்டின் (வட்டின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைப்பது) அடிப்படைக் கோப்பில் எழுதவும் கூடாது. மேலே இருக்கும் அடுக்குகள் எல்லாம் கெட்டுவிடும்.

விஎச்டியின் அடுத்த வடிவமான விஎச்டிஎக்ஸ் கோப்பு சரியாக இருந்தும், சுருக்கப்படாமல், குறியாக்கம் இல்லாமல், ஸ்பார்ஸ் (காலிப் பகுதிகளுக்கு வட்டில் இடம் எடுக்காத கோப்பு) ஆகாமல் இருக்கவேண்டும் என்று விண்டோஸ் அடம்பிடிக்கிறது.

வேறு கருவியில் மாற்றி எடுத்த கோப்பா? விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில் ஸ்பார்ஸ் கொடி ஏறியிருக்கும். சாதாரணமாக வேறு இடத்துக்கு ஒரு காப்பி எடுத்தாலே பெரும்பாலும் போய்விடும். கம்ப்ரஸ் டிக்கையும் பார்த்து எடுத்துவிடுங்கள்.

பழைய விஎம்டிகேவை நிரந்தரமாக மைக்ரோசாஃப்டின் விஎம் மென்பொருளான ஹைப்பர்-விக்குக் கொண்டுபோக?

கியூஎமு-ஐஎம்ஜி கருவியில் மாற்றுங்கள். விஎச்டி அங்கே 'விபிசி' என்ற பெயரில் இருக்கும், தேடி அலையவேண்டாம். விஎச்டிக்கு உச்சவரம்பு ஏறக்குறைய 2 டிபி, விஎச்டிஎக்ஸுக்கு 64 டிபி. நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். உள்ளேயிருந்து ஒரே ஒரு கோப்புதான் வேண்டுமென்றால் இவ்வளவு பாடு எதற்கு, 7-ஜிப்பில் விஎம்டிகேவைத் திறந்து இழுத்துக்கொள்ளுங்கள்.